பயத்துக்குப் பத்து மில்லிகிராம்

நவம்பர் கடைசியில்
சூரியன் போய்விடும் போட்ஸ்ஃபியோரில்.
அந்தக் குளிர்காலத்தில்தான் நான் கறுத்தேன்.
"கேனரித் தீவுக்கா போய்வந்தாய், ஊட்னி?"
மீன் ஆலையில் கேட்டார்கள்.
விரல் மடிப்பு, ஈறு, பழைய தழும்பு,
எல்லாம் வெயில் படாமலே வெந்திருந்தன.

காட் மீன் அடுக்கும்போது
கையுறையைக் கழற்றி நக்குவேன்.
உப்பைத் தின்றவள் தண்ணீர் குடித்தாள்,
குடித்துவிட்டு மறுபடி உப்புக் கேட்டாள்.
மேற்பார்வையாளர் யூன்லெய்ஃப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் ஒரு டப்பாவில்
எனக்கென்று தனியாக உப்பு.
மூன்றாம் வாரம் படிக்கட்டில் விழுந்தேன்.

சிறுநீரகங்களின் தலைமேல்
குல்லாய் மாதிரி இரண்டு சுரப்பிகளாம்.
என் ரத்தமே அவற்றை
அந்நியர் என்று நினைத்துத் தின்றுவிட்டதாம்.

இப்போது விடியலை நானே விழுங்குகிறேன்:
ஆறு மணிக்குப் பத்து மில்லிகிராம்.
ஜன்னலில் ராத்திரி அப்படியே நிற்கும்.
பன்னிரண்டுக்கு ஐந்து.
நாலுக்கு ஐந்து; மறந்தால் நாலரைக்கு,
கரண்டி கையிலிருந்து நழுவும்போது.
காய்ச்சல் என்றால் இரட்டிப்பு.
வாந்தி என்றால் ஊசி.
மகன் ஆரஞ்சில் குத்திப் பழகினான்,
ஆரஞ்சு தீர்ந்த வாரம் உருளைக்கிழங்கில்.

அட்டையில் எழுதாதது ஒன்று உண்டு.
பிப்ரவரியில் தம்பி ஆர்ன்ஃபின்னின் படகு
ரேடியோவில் பேசுவதை நிறுத்தியது.
துறைமுகத்தில் எல்லோரும் நின்றோம்.
மற்றவர்களுக்குப் பயம் தானாக ஊறியது;
அந்தப் பயத்தைப் பிடித்துக்கொண்டே
அவன் மனைவி நிமிர்ந்து நின்றாள்.
என் முழங்கால்தான் ஈர மணலாய்ச் சரிந்தது.
பயப்படவும் கையிருப்பு வேண்டும் போல.

நர்ஸ் சீவை அழைத்தேன்.
"துக்கத்துக்கு எத்தனை மில்லிகிராம்?"
அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"இன்னும் துக்கமாகவில்லையே," என்றாள்.
"பத்து போடு. உட்கார்ந்துகொள்."

தண்ணீர் இல்லை. நாக்கிலேயே கரைந்தது கசப்பு.
அரை மணி கழித்து வந்தது பயம்,
கடையில் வாங்கியது,
ஆனாலும் அளவாகப் பொருந்தியது.
உட்காரவில்லை. நின்றேன்.

ரெண்டே முக்காலுக்கு ஒரு விளக்கு,
இழுவைப் படகின் பின்னால் ஆடிக்கொண்டு.
ஆர்ன்ஃபின் இறங்கியதும் கேட்டது காபி.

எனக்குத் தூக்கம் வரவில்லை.
அவனுக்காக விழுங்கியதில்
பாதிக்கு மேல் உடம்பில் மிச்சம் இருந்தது.
திருப்பிக் கொடுக்க முடியாது அதை.
அடுப்பைத் தேய்த்தேன்.
கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டேன்.
ஒற்றைக் காலுறைகளை மேஜையில் கொட்டி
ஜோடி தேடினேன்.
நாலு ஜோடி கிடைத்தன.