கோழித்தூக்கம்

லீஷென் முனையில் டிராம் வட்டமடித்து நின்றால்
எனக்கு ஏழு நிமிடம்.
மற்ற ஓட்டுநர்கள் புகைக்கிறார்கள்.
நான் கோட்டுப் பையிலிருந்து எடுக்கிறேன்:
பீச் மரத்தில் இரண்டு வட்டு, நடுவே மர அச்சு,
ஒரு பருத்திக் கயிறு.
வண்ணம்கூட அடிக்காத யோ-யோ.

வீட்டு இழுப்பறையில் முப்பத்தொன்று கிடக்கின்றன.
அலுமினியம், டைட்டானியம்,
ஒன்றின் பேரிங்கில் பீங்கான் குண்டுகள்,
ஒன்றின் விலை பிர்னோவில் என் அரை மாத வாடகை.
ஜனவரி இரண்டாம் தேதி பூட்டினேன்.
முதல் தேதியே பூட்டியிருப்பேன்,
சாவி கிடைக்கவில்லை.

ஒரு வருடம் இது மட்டும், என்றேன்.
யாரிடம் என்றால்,
ஃபிரிட்ஜிடம்.

உலோகம் கும்பகர்ணன்.
வீசிவிட்டு நீங்கள் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வரலாம்,
கயிற்றின் முனையில் சுழன்றபடியே தூங்கும்.
மரத்துக்குக் கோழித்தூக்கம்தான்.
நல்ல நாளில் பன்னிரண்டு நொடி.
மழை நாளில் கயிறு ஈரம் குடித்துத் தடித்து
மூன்றிலேயே விழித்து
உள்ளங்கையில் வந்து அறையும்.

பன்னிரண்டு நொடியில் என்ன செய்துவிட முடியும்?
பிப்ரவரி முழுக்க ஒன்றும் முடியவில்லை.
மார்ச்சில் விரல்களுக்கிடையே தொட்டில் கட்டினேன்,
ஒரே ஓர் ஆட்டம், அதற்குள் பிள்ளை எழுந்துவிட்டது.
மே மாதம்தான் கவனித்தேன்,
வீசும் போதெல்லாம்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

வியாழக்கிழமைகளில் நூலகத்து நிலவறையில் கூடுவோம்.
க்வீடோவுக்குப் பதினாறு வயது.
அவன் கயிற்றைப் பார்த்தால்
சிலந்திக்குக் காய்ச்சல் வரும்.
"இதுக்கு ஒரு பேரிங் மாட்டக்கூடாதா?" என்றான்.
மாட்டலாம்.
கழுதைக்குச் சக்கரம்கூட மாட்டலாம்.

ஜூனில் கைப்பிடிக் கம்பியில் மோதி
ஓரத்தில் ஒரு நகக்கண் அளவு நசுங்கல்.
அன்றிலிருந்து இடப்பக்கம் சாய்கிறது.
மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பி வீசுகிறேன் இப்போது,
சுத்தியல் பிடிக்கையிலும், சூப் பரிமாறுகையிலும்
அந்தத் திருப்பல் வந்துவிடுகிறது.

ஆகஸ்ட் ஒன்பது.
இரவு பதினொன்று இருக்கும்.
காதில் ஹெட்போனோடு ஒருவன் தண்டவாளத்தில் இறங்கினான்.
மணல் கொட்டி, மணி அடித்து, பிரேக்கை மிதித்து
அவன் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தினேன்.
தொப்பியைச் சரிசெய்துகொண்டு
மன்னிப்புக் கேட்பதுபோல் கையசைத்துவிட்டுப் போனான்.
அவ்வளவுதான். அறிக்கையில் இரண்டு வரி.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன்.
இருப்பதில் விலை கூடியதை எடுத்து வீசினேன்.
தூங்கியது.
சமையலறைக் கடிகாரத்தில் மூன்று நிமிடம் நாற்பது.
கைக்கு ஒரு வேலையும் இல்லை.
அந்த மூன்று நிமிடம் நாற்பதுக்குள்
அவன் எட்டு முறை தண்டவாளத்தில் இறங்கினான்,
எட்டு முறை தொப்பியைச் சரிசெய்தான்.

பிறகு மரத்தை எடுத்தேன்.
வீச்சு, சாய்வு, திருப்பு, எழுப்பு.
அவன் இறங்க இடம் போதவில்லை.
விடியும்வரை.
நடுவிரலில் கயிறு அறுத்த கோடு
ஒரு வாரம் எரிந்தது.

"இன்னும் அதேதானா?" என்று அந்த வியாழன் க்வீடோ கேட்டான்.
அதேதான் என்றேன்.
பொய் என்று சொல்ல முடியாது,
மெய் என்றால் கொஞ்சம் தொண்டை அடைக்கும்.

இப்போது நவம்பர்.
நாற்பத்தாறாவது கயிறு.
அச்சின் நடுவில் கயிறு தேய்த்துத் தேய்த்து
கறுப்பாக ஒரு வளையம்,
முகர்ந்தால் லேசாகத் தீய்ந்த வாசனை.
இழுப்பறையை ஆகஸ்டுக்குப் பிறகு பூட்டவே இல்லை,
சாவி அதிலேயே தொங்குகிறது,
கரண்டி தேடும்போது இடிக்கும்.

ஏழு நிமிடத்தில் இரண்டு மீதி.
பனிமூட்டம், கயிறு தடிப்பு,
இன்று எட்டு நொடி வந்தால் பெரிது.
உள்ளே ஒரு கிழவர் ஏறி உட்கார்ந்து
கண்ணாடியைத் துடைத்து என்னைப் பார்க்கிறார்.
வீசுகிறேன்.
ஆறு.