இயல்பு அளவு

ரவுண்டானாவுக்குப் பின்னால், செல்போன் கடை மாடியில் எங்கள் லேப்.
படியேறும்போதே பாதிப் பேருக்கு பிரஷர் ஏறிவிடும்.

கெம்பம்மா, நாற்பத்தேழு, வேப்பனப்பள்ளிப் பக்கம்.
மாம்பழக்கூழ் கம்பெனியில் சீசன் வேலை.
புடவைக்கு மேல் போட்ட ஆண்சட்டையில்
பெங்களூரா மாங்காய் வாசனை. நகக்கண்ணெல்லாம் மஞ்சள்.
"நல்லா கழுவிட்டுத்தான் வந்தேன், போகாது" என்றாள்.
நான் கேட்கவே இல்லை.

நரம்பு தேடும்போது பேசினாள்:
ஸ்டீம் பக்கம் நின்னா வேர்க்கும், சரி.
மார்கழி விடியக்காலம், வெறுந்தரையில
ஏன் வேர்க்கணும்?
பெரியவன் சோத்துத் தட்டைத் தள்ளி வெச்சான். அவ்வளவுதான்.
கொட்டாய்க்குள்ள போயி ஒரு மணி நேரம் அழுதேன்,
மாடே திரும்பிப் பாத்துது.
எட்டு மாசமா தலைக்கு ஊத்தலை.
பைத்தியம்னு எழுதியிருக்கா சீட்டுல?

சீட்டில் இருந்தவை மூன்றே எழுத்து. எஃப்.எஸ்.ஹெச்.

ட்யூபைச் சுழல விட்டேன். பத்து நிமிஷம்.
சிவப்பு அடியில் தங்க
மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்து நின்றது
அவளுடைய தூக்கமில்லாத எட்டு மாதம்.

டாக்டர்தான் சொல்லணும், நான் சொல்லக்கூடாது.
சொன்னேன்.
மூளைக்குள்ளே பயத்தைப் பார்த்துக்கொள்ள ஒன்று இருக்கிறது
(புத்தகத்தில் பாதாம் பருப்பு என்று இருக்கும்,
அவளிடம் புளியங்கொட்டை என்றேன்).
இத்தனை வருஷம் அதன் தோளைத் தட்டி
ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல என்று சொல்லிவந்த ஒருத்தி
இப்போது நினைத்த நாளில் வருகிறாள்,
நினைக்காத வாரத்தில் வருவதேயில்லை.
"பேரென்ன அவளுக்கு?"
ஈஸ்ட்ரோஜன்.
"கூப்பிட வராத பேரு."

மெஷின் அறுபத்திரண்டு என்றது.
மாதவிலக்கு நின்றோருக்கு என்ற வரியோடு ஒப்பிட்டேன்.
இயல்பு.
அதாவது, மாட்டுக் கொட்டாயில் ஒரு மணி நேரம் அழுவது
இயல்பு அளவுக்குள் இருக்கிறது.
தள்ளி வைத்த தட்டுக்கு
அந்தத் தாளில் கட்டமே இல்லை.
பன்னிரண்டு மணி நேரம் ஈரத்தரையில் நிற்கும் காலை
எந்த ட்யூபில் பிடிப்பது?

"இதை அவன்கிட்ட காட்டலாமா?"
காட்டலாம்.
சட்டென்று பயம் வந்தது எனக்கு.
ஓ, ஹார்மோனா, என்று சொல்லிவிட்டு
அவன் மறுபடி தட்டைத் தள்ளுவான்.
"தட்டைப் பத்தியும் சொல்லுங்க" என்றேன்.
தாளை நாலாய் மடித்து
சட்டைப் பையில், பஸ் டிக்கெட்டோடு வைத்துக்கொண்டாள்.

ராத்திரி, கீழே கடை ஷட்டர் விழுந்த பிறகு
என் கையிலேயே ஊசி போட்டேன்.
நேற்று ஒரு பேனா மூடிக்காக அழுதிருந்தேன்.
வயது நாற்பத்தொன்று. லேபிளில் பெயர் எழுத மனம் வராமல்
'கன்ட்ரோல்' என்று எழுதி ஒட்டினேன்.

ரிசல்ட் வர இன்னும் பதினெட்டு நிமிஷம்.
ஃபேனை நிறுத்தினேன்,
வேர்க்கிறதா பார்க்கலாம் என்று.