நூற்றுக்கு ஒன்றரை

பனியன் கம்பெனியில் எனக்குக் கணக்கு வேலை.
கை வைக்க இத்தனை, காஜா எடுக்க இத்தனை,
பிசிறு வெட்ட பீஸுக்குப் பதினைந்து பைசா.
சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்ததும்
அவினாசி ரோட்டுப் பக்கம், பிரிண்டிங் பட்டறை மாடியில்
அதே தலை வேறொரு கணக்குக்கு உட்காரும்.

இருபத்தொன்று. ஒரே கட்டு.
போனது எது, இருப்பது எது என்று
உதடு அசையாமல் எண்ணத் தெரிந்தவனுக்கு
நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் நிற்கும்.
அவ்வளவுதான்.
சாயப்பட்டறைக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

சீட்டுப் போடுகிறவர் திருமூர்த்தி, உடுமலைப் பக்கம்.
பகலில் லாரி ஷெட்டில் பில் எழுதுகிறார்.
இங்கே அவருக்குச் சம்பளம் கிடையாது,
ஜெயித்தவன் எறிவதுதான் கூலி.

எண்ணத் தெரியாதவர்கள் தாராளமாக எறிவார்கள்.
நூல் புரோக்கர் சென்னியப்பண்ணன்
ஒரு கை அடித்தால் ஐநூறு, "வெச்சுக்கப்பா."
தோற்று எழும்போதும் நூறு.
அவருக்கென்ன, அவர் விளையாட வருகிறார்.
நான் வேலைக்கு வருகிறேன்.
பத்தாயிரம் சுழற்றினால் நூற்றைம்பது.
அதில் நூறு திருமூர்த்திக்கென்றால்
விடிய விடிய நான் கண் விழித்தது
ஐம்பது ரூபாய்க்கும் முதுகு வலிக்கும்.

ஆனாலும் கொடுத்தேன். மணிக்கு ஐம்பது.
தர்மம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.
கொடுத்த இரவுகளில்
கட்டின் அடி தெரியும்வரை போடுவார்.
கொடுக்காத இரவில் பாதியிலேயே அள்ளிக் கலைப்பார்.
அவர் ஆழம் போகப் போகத்தான்
என் எண்ணுக்கு விலை.
இதற்கு இனாம் என்று பெயரா, லஞ்சம் என்று பெயரா?
பவர் டேபிளுக்கு எண்ணெய் விடுகிறோமே,
அந்த மாதிரி என்று வைத்துக்கொண்டேன்.

மார்கழியில் ஒரு சனி.
சின்னச் சீட்டெல்லாம் வரிசையாய் வெளியேறிவிட்டது.
கட்டுக்குள் ராஜாவும் ராணியும் ஆசுமாக
பஸ் ஸ்டாண்டுக் கூட்டம் போல் நெருக்கியடித்து நிற்கிறார்கள்.
அப்படியொரு கட்டை
நாலு முறை பார்த்திருப்பேனா?
ஆயிரம் தள்ளினேன்.
திருமூர்த்தி என் முகம் பார்க்காமல்
மொத்தத்தையும் வாரிக் கலைத்தார்.

அன்றைக்கு ஐம்பது இல்லை.
ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை மேஜையில் வைத்தேன்.
வைத்தேன் என்பது பொய், சுண்டினேன்.
உருண்டு கீழே போனதை அவர் குனிந்து எடுத்து
கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மூன்று நாள் கழித்து, குமரன் ரோட்டுப் பேக்கரியில்
பன்னைப் பிய்த்தபடி சென்னியப்பண்ணன்:
"ஏனுங் கணக்கரே, உங்களுக்குத் தெரியாதுங்களா?
அன்னிக்கு ஜன்னலுக்கு அந்தப்பக்கம்
மொதலாளி மச்சினன் நின்னுட்டிருந்தானுங்க.
நீங்க எப்பத் தொகைய ஏத்தறீங்க,
ஏத்துனா என்ன சீட்டு வருதுன்னு பாக்க.
போன வருசம் வெள்ளகோயில்காரன் ஒருத்தன்
இப்படித்தான் எண்ணிப் புடிபட்டு,
கதவுச் சந்துல அவன் வெரல..."
மீதியை டீயோடு விழுங்கினார்.

காஜாவுக்கு ரேட் இருக்கிறது.
பிசிறுக்கு இருக்கிறது.
கலைத்ததற்கு எந்த நோட்டிலும் இல்லை.
பேனா பிடிக்கிற விரல் ஒன்று,
அதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டேன்.
ராத்திரியெல்லாம் தொகை மாறிக்கொண்டே இருந்தது.

அடுத்த சனியும் போனேன்.
போயிருக்கக் கூடாது.
இரண்டாயிரத்தை மடித்து அவர் பக்கம் நகர்த்தினேன்.
திருமூர்த்தி பிரித்துப் பார்த்துவிட்டு,
"இவ்வளவு எதுக்குங்க? கட்டீருங்க,
வந்தா ரண்டு பேத்துக்கும் வரட்டும்" என்றார்.
கட்டினேன்.
எனக்குப் பதினாறு. எண்ணிக்கை நில் என்றது, நின்றேன்.
அவர் தன் சீட்டைத் திருப்பினார். இருபது.
எனக்கும் அவருக்குமான பணத்தை
தன் கையாலேயே வாரி
முதலாளியின் பெட்டியில் போட்டார்,
நோட்டுகளின் தலை ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கி.

"செரி, உடுங்க" என்று
அடுத்த சீட்டை என் பக்கம் தள்ளினார்.
எத்தனை போயிருக்கிறது, எத்தனை இருக்கிறது,
எண்ணிக்கை அந்த இடத்தில் எனக்கு
விட்டுப்போயிருந்தது.