படிக்கவில்லை

சேதராப்பட்டில் மூன்றாம் நாள்.
நாலாவது லைனில் மட்டும்
நூற்றுக்கு ஆறு பெட்டி
ஸ்கேனருக்குப் படிக்க வரவில்லை.
படிக்காததைத் தள்ளுகோல் தட்டிவிடும்,
பக்கத்துச் சரிவில்
இருமல் மருந்து குலுங்கி இறங்கும்.

முதல் நாளே சாய்த்துவிட்டேன்.
பளபளக்கிற உறையை நேருக்கு நேர் பார்த்தால்
தன் சிவப்பு வெளிச்சம்தான் அதற்குத் தெரியும்.
பதினைந்து டிகிரி ஒதுங்கிப் பாரு என்று
காது இருப்பதைப் போல
சொல்லியும் வைத்தேன்.

மறுநாள் பிரிண்டர்.
அச்சுத் தலையின் சூட்டை இரண்டு புள்ளி குறைக்க
ஊதி ஒட்டிக்கிடந்த கோடுகள் விலகி நின்றன.
முதல் கோட்டுக்கு முன்னால், கடைசிக் கோட்டுக்குப் பின்னால்
ஒரு விரல்நுனி வெள்ளை விடுங்கள் என்றேன்.
அங்கேதான் கம்பெனி முத்திரை வரணும் என்றார்
மேனேஜர் இருசப்பன்.
முத்திரை அரை அங்குலம் மேலேற
இரண்டு மணி நேரப் பேச்சு.

பன்னிரண்டு ஆறானது இப்படித்தான்.
ஆறு அசையவில்லை.

தள்ளிய பெட்டிகளை அள்ளி
கை ஸ்கேனரில் படித்து
திரும்ப ஏற்றுகிறவள் குமுதவல்லி.
"அடியில பாருங்க மேடம்."
ஒவ்வொன்றிலும் பென்சிலால் மணி.
மூணு நாற்பது. மூணு நாற்பது. மூணு நாற்பத்தொண்ணு.
நாலு பத்தோடு சரி.
யாரும் எழுதச் சொன்னதில்லை.
"நாளெல்லாம் சும்மா நிக்கறேன்,
டீ நேரத்துல வந்து உயிர வாங்குது. அதான்."

நூற்றுக்கு ஆறு என்று
நான் நாள் முழுக்கப் பரப்பிப் பார்த்தது
அரை மணி நேரத்து வெள்ளம்.

மூணு முப்பத்தெட்டுக்கு லைன் ஓரம் நின்றோம்.
கூரையில் ஒரே ஒரு ஃபைபர் தகடு,
புயலில் பறந்ததற்குப் பதில் போட்டது.
அதன் வழியே இறங்கிய வெயில்
பெல்ட்டில் ஒரு முழம் நடந்து
ஸ்கேனரின் கண்ணுக்குள் உட்கார்ந்தது.
தள்ளுகோல் தொடங்கியது.
டக்.
டக். டக்.

காலி அட்டைப்பெட்டியைக் கிழித்து மடித்து
கண்ணுக்கு மேல் தாழ்வாரம் இறக்கினோம்.
டேப்பை அவள் பல்லால் கடித்துத் தந்தாள்.
பெட்டிகள் போயின, போயின,
தள்ளுகோல் கை மடக்கி நின்றது.

ஒளி மறைப்பு பொருத்தப்பட்டது என்று எழுதினேன்.
செலவுக் கட்டத்தில் சுழி.
கண்டுபிடித்தவர் பெயருக்கு
அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.
ஓரத்து வெள்ளையில்
சின்னதாக எழுதிவைத்தேன்.

அவள் அதைப் படிக்கவில்லை.
பென்சிலைக் காதோரம் செருகிக்கொண்டு
"ஏழாவது லைன் இதவிட மோசம் மேடம்,
அங்க ராத்திரியிலதான்" என்றபடி
முன்னால் நடந்தாள்.