பூஜ்ஜியத்தின் இடுப்பு

ஒரூரோவின் குளிர்காலக் காற்று
உதட்டை வெடிக்கவைக்கும் முன்பே
மையை உலர்த்திவிடும்.
அதனால் திங்கள்தோறும்
யாரும் கேட்காமலே ஒரு பக்கம் அச்சிடுகிறேன்:
மஞ்சளில் ஒரு பட்டை, நீலத்தில் ஒன்று, செந்நீலத்தில் ஒன்று.
எந்த நாட்டுக்கும் வேண்டாத கொடி.
அதை நான் மறந்த வாரம் பார்த்துத்தான்
கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள்.

காகிதத்துக்கும் குளிரும்.
கட்டைப் பிரித்து, சீட்டுக்கட்டாய் விசிறி,
அறைச்சூட்டில் அரைமணி விட்டால்
ஒன்றையொன்று கட்டிக்கொண்டு உள்ளே போகாது.

ஸ்கேனர் மூடிக்குக் கீழே
இந்த ஆண்டு கண்டெடுத்தவை:
பதினோரு அடையாள அட்டைகள்,
ஒரு விவாகரத்துத் தீர்ப்பு,
யாருடையதோ கடைவாய்ப்பல்லின் எக்ஸ்ரே.
நகலைப் பத்திரமாய் உறையிலிட்டு
அசலை விட்டுப்போகிறார்கள்.

மூன்றாம் கணினியில் நேற்று
ஓர் அஞ்சல்பெட்டி திறந்தே கிடந்தது.
'இன்னும் கோபமா' என்று
பாதியில் நின்ற வரி.
நான் படிக்கவில்லை.
சரி, படித்தேன்.
பிறகு வெளியேறு பொத்தானை அழுத்தினேன்,
அந்நியருக்குக் கழன்ற சட்டைப் பித்தானைச்
சொல்லிக்காட்டுகிறவளைப்போல
முகத்தைத் திருப்பிக்கொண்டு.

கசிமிரோ அயவிரி வந்தது கடை அடைக்கும் நேரம்.
அறுபத்திரண்டு பேர் வாசிக்கும் இசைக்குழுவில்
பெருமுரசும் அவரே, பொருளாளரும் அவரே.
புதுச் சீருடைக்கான பணம் முழுதும் வங்கியில்.
வங்கியிடமிருந்து கடிதம்:
அரைமணிக்குள் கடவுச்சொல்லைத் தராவிட்டால்
கணக்கு முடங்கும்.

கடவுச்சொல் தொப்பியின் உள்பட்டையில் இருந்தது,
வியர்வையில் பாதி கரைந்து.
அவர் மகளின் பிறந்தநாள் என்பது
தொப்பியைக் கழற்றியபோதே
கடைக்கே தெரிந்துவிட்டது.
"முதலில் அச்சிட்டுக் கொடுங்கள்" என்றார்,
"கையில் பிடிக்க முடியாததற்கு
நான் பதில் எழுதுவதில்லை."

இயந்திரம் காகிதத்தைப் பாதி விழுங்கி
விக்கி நின்றது.

மின்சாரத்தை நிறுத்தினேன்.
பின்கதவைத் திறந்தேன்.
காகிதம் போகிற திசையிலேயே
இரண்டு கையாலும், மெல்ல.
எதிர்ப்பக்கம் வெடுக்கென்று இழுத்தால்
கிழிந்த துணுக்கு உருளைக்குள் ஒளிந்து
ஒரு மாதம் பழிவாங்கும்.
"பதினாறு நிமிஷம்" என்றார்.
மேஜையை விரல்கள் முழக்கின.
"பதினான்கு."

வெளியே வந்தது கசங்கிய தாள்.
மதியம் ஒரு சுவரொட்டிக்காக
நானூறு சதவீதம் என்று வைத்ததை
நான் திருப்பி வைக்கவில்லை.
கடிதம் இல்லை, மிரட்டல் இல்லை, முத்திரை இல்லை;
பக்கம் முழுக்க
அனுப்பியவரின் முகவரி மட்டும்,
உருளைக்கிழங்கு பருமனில் எழுத்துகள்.

வங்கியின் பெயர் 'ஓ'வில் முடியும்.
அது குட்டை, உருண்டை.
இங்கே நின்றதோ
தோள் உயர்ந்து, இடுப்பு சிறுத்த
பூஜ்ஜியம்.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.
நிமிஷங்கள் தம்பாட்டில் போயின.

கடிதத்திலிருந்த எண்ணை அவர் அழைக்கவில்லை.
வங்கி அட்டையின் முதுகிலிருந்த எண்ணை அழைத்தார்.
மறுமுனைப் பெண் கொட்டாவியை அடக்கியபடி,
"நாங்கள் கடவுச்சொல் கேட்பதில்லையே, ஐயா."

சிக்கிய பக்கத்துக்குக் காசு வாங்குவதில்லை என்றேன்.
ஐம்பது சென்டாவோவை வைத்துவிட்டுத்தான் நகர்ந்தார்.
தொப்பிப்பட்டையைக் கத்தரித்து என் குப்பைக்கூடையில் போட்டார்.
நான் அதை எடுத்து இன்னும் நான்காய்க் கத்தரித்தேன்.
புதுக் கடவுச்சொல்லை எங்கும் எழுதவில்லை;
நீளமான வாக்கியம்போலும்,
வீட்டுக் கணினிக்குப் போகுமுன்
மேஜைமேல் ஒருமுறை தட்டிப் பார்த்தார்.
கேட்டது. எண்ணவில்லை.

அவர் போனபின் மின்சாரம் கொடுத்தேன்.
இயந்திரம் தொண்டையைக் கனைத்து
இன்னும் நான்கு பூஜ்ஜியங்களைத் துப்பியது.
பதற்றத்தில் மனிதர் ஐந்துமுறை அழுத்தியிருக்கிறார்,
வரிசையை அழிக்க எனக்கும் தோன்றவில்லை.

பரவாயில்லை.
முதுகு வெள்ளையாகத்தான் இருக்கிறது.
நான்கு திங்கட்கிழமைக்கு ஆகும்.