பக்கத்து நிலத்தில் என் மண்

அந்த வருஷம் மாலினேயோ என்னைக் கூப்பிடவில்லை.
அக்டோபரின் முதல் தூறலுக்கே
சரிவு நிலத்துக்காரர்கள் ஒவ்வொருவராய் வந்து
உழவுக்கு நாள் குறித்துப் போனார்கள்.
குனோவானாவுக்கும் பாட்சோவாவுக்கும்
நுகம் உரசிய கழுத்தில் கொழுப்புத் தடவினேன்.
அவள் மட்டும் வரவில்லை.

போய்ப் பார்த்தால்
போர்வையை இடுப்பில் முடிந்துகொண்டு
மண்வெட்டியும் கையுமாய் நிற்கிறாள்.
குளிர்காலம் முழுக்கக் கற்றாழை மடலை அடுக்கி
மாடு வாய் வைக்காமல் காத்த பழைய சோளத்தட்டை
விழுந்தது விழுந்தபடி கிடக்கிறது.
நடுநடுவே குழி.
சாண் ஆழம். எட்டுக்கு ஒன்று.
குழிக்குள் ஒரு பிடி எரு, நாலு மக்காச்சோளம்,
ஓரமாய் இரண்டு பீன்ஸ்.

“யாரைப் புதைக்கப் போகிறாய்?” என்றேன்.
“உன் உழவுக் கூலியை” என்றாள்.
“அந்தக் காசில்தான் எரு வாங்கினேன்.”

எனக்கு உழத் தெரியும், அதை யாரும் மறுக்க முடியாது.
நிலம் நீளவாக்கில் மலையிறங்குகிறது,
மாடும் நானும் அதோடு இறங்குவோம்.
கொழு புரட்டிய மண் ஈரத்தில் மினுங்கும்.
ஒரு தட்டை, ஒரு களை மிஞ்சாது.
பாய் விரித்துப் படுக்கலாம்.
நான் அதைச் சுத்தம் என்று நினைத்தேன்.
மழை அதை வழி என்று நினைத்தது.

நவம்பரில் ஒரு மத்தியானம்.
முதலில் ஆலங்கட்டி. பிறகு
தகரக் கூரையைத் தவிர எதுவும் கேட்காத முக்கால் மணி நேரம்.
நான் பிடித்த ஒவ்வொரு சாலிலும் தண்ணீர் ஓடியது.
சேற்றுநீர் டோங்காவில் குதித்தது.
டோங்கா என்பது எங்கள் ஊரைத் தின்று வளரும் பள்ளம்.
என் மூத்தவன் பிறந்தபோது தாண்டிக் குதித்தேன்.
இன்று ஒரு லாரி விழுந்தால்
அதன் கூரைகூடத் தெரியாது.
அதற்குப் பின் செங்கு ஆறு,
அதற்குப் பின் யாரோ ஒருவரின் கடல்.

எல்லாம் போகவில்லை.
என் நிலத்துக்குக் கீழே அவள் நிலம்.
குறுக்கே கிடந்த தட்டைகளில் முட்டி
கணுக்கால் அளவுக்குப் படிந்திருந்தது
என் மண்.
கடனுக்கு வாங்கிப் போட்ட உரத்தோடு,
என் ஆட்டுப் புழுக்கையோடு.
அவள் குழிகளில் தண்ணீர் நின்று
குழிக்கொரு துண்டு வானம்.

பொய் சொல்லக் கூடாது.
முதல் அறுவடையில் எனக்கு ஏழு மூட்டை,
அவளுக்கு ஏழரை.
களை அவள் முதுகை ஒடித்தது, மூன்று தரம் கொத்தினாள்.
அரை ஏக்கருக்கு மேல் குழி பறிக்க
அந்த இரண்டு கைகளால் ஆகவில்லை.
அடுத்த வருஷம் ஜனவரி முழுக்க வானம் வாய் திறக்கவில்லை.
எனக்கு மூன்று. அவளுக்கு ஆறு.
அன்றைக்கு எண்ணுவதை நிறுத்தினேன்.

ஜூலை. மலைமேல் பனி.
அறுவடை முடிந்தால் நிலம் ஊருக்குப் பொது,
யார் மாடும் யார் தட்டையையும் மேயலாம், அது முறை.
கற்றாழையை மிதித்துக்கொண்டு என் மாடுகள் உள்ளே போயின.
அவள் கையில் குச்சி இருந்தது. ஓங்கவில்லை.

“என் மண் உன்னிடம் இருக்கிறது” என்றேன்,
எதற்கென்று தெரியாமல்.
“வாளி தருகிறேன், அள்ளிக்கொண்டு போ.”

எத்தனை வாளி?
நின்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், முடியவில்லை.
கயிற்றைப் பிடித்து இழுத்தேன்.
குனோவானா வாயில் ஒரு தட்டையோடு திரும்பியது.
அதைப் பிடுங்க மனம் வரவில்லை.
அவளும் கேட்கவில்லை.

இந்த அக்டோபரில்
நாள் குறித்தவர்கள் பதினொரு பேர்.
எல்லோருக்கும் உழுதேன்.
என் நிலத்தில் மட்டும், கீழ் ஓரமாய்,
ஒரு பத்தடி அகலம் கொழு படாமல் கிடக்கிறது.
யாராவது கேட்டால்
கலப்பை பழுது என்பேன்.