கெட்டிப்படும் நேரம்

ஜன்னல் விளிம்பில் பதினோரு காகிதக் குவளைகள்.
சிலவற்றில் காகிதம் கிழிந்துபோய்
சிமெண்டு மட்டும் நிற்கிறது.
ஒவ்வொன்றும் ஒரு கிணறு என்பான் குணாளன்.
கடலுக்கு அடியில், இரும்புக் குழாய்க்கும் பாறைக்கும் நடுவே
போய் அமர்ந்ததில் ஒரு கைப்பிடி.
நான் ஒன்றை வாசற்கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன்.
இரண்டு, மிளகாய் காயும் சாக்கின் முனைகளில்.

இருபத்தெட்டு நாள் கடல்,
இருபத்தெட்டு நாள் பகாவ்.
கெர்த்தேயில் ஏறி குவாந்தானில் பஸ் மாறி
வந்திறங்குவான், காதுமடலில் சாம்பல் தூளோடு.
எதிர்வீட்டு மரியதாஸ் எப்போதும் கேட்பார்:
"எண்ணெய் எடுக்கிற வேலைதானே?"
"இல்லண்ணே, கண்ட வழியில வராம அடைக்கிற வேலை."
அவர் சிரிப்பார். இவன் சிரிக்க மாட்டான்.

கொத்தவரைப் பொரியலை வைத்தால்
விதையைப் பிதுக்கிக் காட்டுவான்:
இதை மாவாக்கித் தண்ணீரில் விட்டால் கூழாகுமாம்.
கூழ் மணலைச் சுமந்துகொண்டு
பாறையின் வெடிப்புக்குள் இறங்குமாம்.
ஆறிப்போகுது, சாப்பிடு என்பேன்.

சிமெண்டில் பால் கலப்பார்களாம், வாயு கசியாதிருக்க.
மரத்துப் பால் இல்லை, தொழிற்சாலைப் பால்.
நான் விடவில்லை:
பால் உறையாதிருக்க அமோனியா, உறைய ஃபார்மிக் அமிலம்.
தோட்டத்தில் பிறந்தவளுக்கா மருந்துக் கதை சொல்கிறாய்?

மேடையில் சீனி மூட்டைகள் அடுக்கியிருக்குமாம்.
தேநீருக்கு இல்லை.
பாதியில் பம்பு நின்றுபோனால்
சிமெண்டு குழாய்க்குள்ளேயே கல்லாகிவிடும்.
சீனியைக் கொட்டினால் ஆகாது.
இதை மட்டும் நான் நம்பச் சில நாள் ஆனது.

எனக்கும் மேடைதான். தராசு மேடை.
செம்பனை ஆலை வாசலில்
லோரி குலைகளோடு ஏறும், வெறுமையாய் இறங்கும்.
கழித்து எழுதிச் சீட்டைக் கிழிப்பேன்.

போன நவம்பர், அடைமழையில் வந்தான்.
பன்னிரண்டாவது குவளை, பழைய சட்டையில் சுற்றி.
மற்றவற்றுக்குப் பின்னால் வைத்தான்.
இரவு இரண்டு மணிக்கு
ஜன்னலோரம் நின்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான்.
மறுநாள் இரவும்.
மூன்றாம் இரவு நான் விளக்கைப் போட்டேன்.

"கீழே நூத்தியிருபது டிகிரின்னு எழுதிக் கொடுத்தாங்க.
அதுக்குத் தக்க மருந்து போட்டேன், சீக்கிரம் இறுகாம இருக்க.
அவ்வளவு சூடு இல்லைன்னு பிறகுதான் பேசிக்கிட்டாங்க."

பிறகு, தனக்கே சொல்வது போல:
"இங்க குளிரு. இங்க இறுகாதது
அங்க இறுகியிருக்கும். அப்படித்தான் சொல்றாங்க.
அப்படியும் இருக்கலாம்."

மழை ஓட்டின் மேல் நின்று நின்று பெய்தது.

"பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்கணும்.
ஏழிலேயே துளைக்கணும்னாங்க. மேடைக்கு நாள் வாடகை ஏறுது.
தாள்ல கையெழுத்து என்னோடது."

நான் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.
பாக் சமாட்டின் லோரிக்கு
அறுபது கிலோ குறைத்து எழுதச் சொன்னார் மேனேஜர்.
அந்தச் சீட்டின் நகல்
என் மேசை இழுப்பறையில், ரப்பர் முத்திரைக்கு அடியில்
இன்னும் இருக்கிறது.
விளக்கை அணைத்தேன்.

அவன் கடலுக்குத் திரும்பினான்.
போனில் மகனின் பரீட்சை கேட்பான், கேஸ் தோம்பு கேட்பான்.
கிணறு பற்றி நான் கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு, தூசி தட்டும்போது
பன்னிரண்டாவதை எடுத்தேன்.
நகத்தால் கீறினேன். கீறல் விழவில்லை.
எந்த நாளில் இறுகியதோ தெரியாது.
நடுவில் சிறு பள்ளம்,
பள்ளத்துக்குள் ரேகை ரேகையாக
அவன் கட்டைவிரல்.

இதை எதற்கும் முட்டுக் கொடுக்கவில்லை.